நாலு கிரவுண்டு வெயில்

சென்னையில் மனை என்றால் கிரவுண்டு கணக்குத்தான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இதே ஊரை 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள்களும் அளந்துகொண்டிருக்கின்றன. அவை எடுக்கும் வண்ணப் படத்தில் மிகச் சிறிய கட்டம், அதாவது ஒரு பிக்சல், தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. பெருக்கினால் 900 சதுர மீட்டர், சதுர அடியில் 9,687. கிட்டத்தட்ட நாலு கிரவுண்டு. அந்த நாலு கிரவுண்டுக்குள் இரண்டு அடுக்குமாடிக் கட்டடம், ஒரு வேப்பமரம், கொஞ்சம் தார் ரோடு, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட வேட்டி என்று எது இருந்தாலும், அத்தனையும் கலந்து ஒரே ஒரு எண்ணாகத்தான் அதில் பதிவாகும்.

அந்த எண்ணிலிருந்து கேட்கக்கூடிய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது: இந்த இடத்தில் விழுந்த வெயிலில் எவ்வளவு திரும்பிப் போகிறது?

திரும்பிப் போகும் பங்குக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ஆல்பிடோ. விழுந்த ஒளி முழுவதும் திரும்பினால் 1, ஒன்றுமே திரும்பாவிட்டால் 0. புதிதாக விழுந்த பனி 0.8க்கு மேல். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரும் ஏறத்தாழ அதே அளவு. காய்ந்த கடற்கரை மணல் 0.3, 0.4 என்று நிற்கும். வெயிலும் புழுதியும் பட்டு வெளுத்த பழைய தார் ரோடு 0.12 அளவில் இருக்கும், புதுத் தாருக்கு 0.05. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஆழமான நீர் 0.06தான். பூமி முழுவதற்கும், மேகங்களையும் சேர்த்து, 0.3. பௌர்ணமி நிலாவுக்கு 0.12. நாம் வெள்ளை வெளேர் என்று பார்க்கும் நிலா, உண்மையில் பழைய தார் ரோட்டின் நிறத்தில் இருக்கும் ஓர் உருண்டை. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் நம் கண்ணுக்கு அது வெண்மையாகிவிடுகிறது. வெளிச்சத்தை எடைபோடுவதில் கண்ணை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கருவிதான் வேண்டும்.

லேண்ட்சாட் 8, 2013 பிப்ரவரியில் ஏவப்பட்டது. லேண்ட்சாட் 9, 2021 செப்டம்பரில். ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். இரண்டும் மாறி மாறி வருவதால் சென்னைக்கு எட்டு நாளுக்கு ஒரு படம். வரும் நேரம் காலை சுமார் பத்தரை மணி. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு மேலே இருக்கும்போது எண்ணத் தொடங்கினால், ஒரு நொடி ஆவதற்குள் அடையாற்றைத் தாண்டியிருக்கும். 185 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையை அது ஒரே ஓட்டத்தில் பார்ப்பதால், சென்னை முழுவதும் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இன்னும் நுணுக்கமாக, சில நிறங்களை 10 மீட்டர் கட்டத்தில் பார்க்கிறது. அது அரை கிரவுண்டுக்கும் கீழே. நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் வரை இறங்கும்.

பத்தரை மணி என்பதற்கு இந்த ஊரில் ஒரு தனி அர்த்தம் உண்டு. கோடை நாட்களில் கடற்காற்று பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஊருக்குள் நுழைகிறது. ஆகவே செயற்கைக்கோளின் பார்வையில் படுவது எப்போதும் கடற்காற்று வராத சென்னைதான். மேகமும் ஒரு தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுத்தமான படம் கிடைப்பது அரிது. வேலைக்கு ஆகும் படங்கள் ஜனவரியிலிருந்து கத்திரி வெயில் வரைக்கும் உள்ள மாதங்களில்தான் கிடைக்கும்.

கேமராவுக்குள் வந்து சேரும் ஒளி அப்படியே ஆல்பிடோ ஆகிவிடாது. முதல் சிக்கல் காற்று. தரைக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் அளவுக்கு வளிமண்டலம் இருக்கிறது. அதிலும் சென்னைக் காற்றில் ஈரம், கடல் உப்பு, அண்ணா சாலைப் புகை எல்லாம் மிதக்கின்றன. சூரிய ஒளியில் ஒரு பங்கு தரையைத் தொடாமலே காற்றில் பட்டுச் சிதறி மேலே திரும்பிவிடுகிறது. வானம் நீலமாகத் தெரிவது இந்தச் சிதறலால்தான். மேலிருந்து பார்க்கும்போது அந்த நீலம் ஊரின் மேல் ஒரு திரையாக விழுகிறது. மயிலாப்பூர்க் குளம் போன்ற இருண்ட நீர்ப்பரப்பைப் பார்த்தால், நீல அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியில் பெரும்பகுதி குளத்திலிருந்து வந்ததே அல்ல, இடையிலிருக்கும் காற்றிலிருந்து வந்தது. அந்தத் திரையைக் கழித்தாக வேண்டும்.

கழிக்கும் கணக்கின் வேர் மயிலாப்பூரில் இருக்கிறது. சுப்ரமணியன் சந்திரசேகர் மயிலாப்பூர் ‘சந்திர விலாஸ்’ வீட்டில் வளர்ந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். நட்சத்திரங்களின் இறுதிக்காலம் பற்றிய ஆய்வுக்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் 1950இல் அவர் வெளியிட்ட கதிர்வீச்சுப் பரவல் பற்றிய நூலில் நமக்கு வேண்டிய கணக்கு இருக்கிறது. மேலே ஒரு காற்றுப் படலம், கீழே ஒளியைத் திருப்பும் தரை, இரண்டுக்கும் நடுவே ஒளி மேலும் கீழும் எத்தனை முறை மோதி எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியை அவர் அதில் முழுமையாகத் தீர்த்து வைத்தார். இன்று லேண்ட்சாட் படங்களிலிருந்து காற்றின் பங்கைக் கழிக்கும் மென்பொருள் அந்த வழியில் வந்ததுதான். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் சமன்பாடுகளைக் கொண்டு அதே கல்லூரியின் கூரை எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்று இன்று கணக்குப் போடுகிறோம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சிலிர்ப்பாகவே இருக்கிறது.

காற்றைக் கழித்த படத்தை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2008இல் அமெரிக்க அரசு லேண்ட்சாட் படங்கள் அனைத்தையும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, தி.நகரில் ஒரு பிக்சல் மீது கர்சரை வைத்தால் 14,500 என்பது போல ஓர் எண் காட்டும். அதை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும். 0.199 வரும். அந்த நிறத்தில் வந்து விழுந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு திரும்புகிறது என்று பொருள்.

‘அந்த நிறத்தில்’ என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் சூரிய ஒளி முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, அதற்கும் அப்பால் இரண்டு குற்றலை அகச்சிவப்பு என்று தனித்தனி ஜன்னல்கள் வழியே பார்க்கிறது. ஜன்னல்களுக்கு இடையில் உள்ள ஒளியை யூகிக்க வேண்டும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஷுன்லின் லியாங் 2001இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். நீலத்தின் பிரதிபலிப்பை 0.356ஆலும், சிவப்பை 0.130ஆலும், அண்மை அகச்சிவப்பை 0.373ஆலும், குற்றலை இரண்டையும் 0.085, 0.072ஆலும் பெருக்கிக் கூட்டி, 0.0018ஐக் கழித்தால் மொத்த ஆல்பிடோ கிடைத்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் நகரங்களை இதை வைத்து அளக்கிறார்கள்.

இந்தச் சூத்திரத்தில் இரண்டு பிக்சல்களைப் போட்டுப் பார்ப்போம். முதலாவது, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து மரக்கூட்டம் போன்ற அடர்ந்த பச்சை. இலை நீலத்தையும் சிவப்பையும் தன் உணவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே நீலத்தில் 0.03, சிவப்பில் 0.05 மட்டுமே திரும்பும். ஆனால் அண்மை அகச்சிவப்பு இலைக்கு உதவாத ஒளி, அதில் 0.40 வரை திருப்பிவிடும். குற்றலைகளில் 0.20, 0.10. இவை பச்சைப் பரப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் அளவுகள். பெருக்கிக் கூட்டினால் 0.19. இரண்டாவது, தி.நகரில் பாசியும் புழுதியும் படிந்த பழைய கான்கிரீட் மொட்டை மாடி. நீலம் 0.14, சிவப்பு 0.19, அண்மை அகச்சிவப்பு 0.23, குற்றலைகள் 0.25, 0.23. கூட்டினால் 0.20.

0.19, 0.20. இரண்டும் ஒன்றுதான் என்கிறது கணக்கு. ஏப்ரல் மாத மதியத்தில் செருப்பில்லாமல் இரண்டு இடத்திலும் நின்று பார்த்தவர்கள் இதை ஏற்கவே மாட்டார்கள். ஆனால் கணக்கில் பிழையில்லை. தோப்பும் மொட்டை மாடியும் உண்மையிலேயே ஒரே அளவு வெயிலைத்தான் வானத்துக்குத் திருப்புகின்றன. வித்தியாசம் திரும்பாத எண்பது சதவீதத்தில் இருக்கிறது. ஆல்பிடோவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். கறுப்பு என்றால் சூடு, வெள்ளை என்றால் குளிர்ச்சி என்று முடித்துவிடுகிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான்.

மரம் தன்னிடம் தங்கிய வெயிலைக் கொண்டு நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது போலத்தான் இதுவும். வெப்பம் ஆவியோடு போய்விடும், இலை சூடேறாது. கான்கிரீட் தளத்தில் ஆவியாக நீர் இல்லை. வெயில் அதற்குள்ளேயே இறங்குகிறது. ஐந்து அங்குலத் தளத்தின் மேற்பரப்பில் உச்சிவேளையில் ஏறிய சூடு கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் மேல்மாடிக் குடித்தனக்காரருக்கு மத்தியானத்தைவிடச் சாயங்காலம்தான் அதிகம் தகிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால், கூரைக்கு அடியில் நிற்கும் சூடான காற்றை அது அப்படியே தலையில் இறக்குகிறது. வெயில் போய் நான்கு மணி நேரம் கழித்தும் வெயில் அடிக்கிறது.

தி.நகரின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். 1920கள் வரை அங்கே நகர் கிடையாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் ஒரு நீண்ட ஏரி கிடந்தது. லாங் டேங்க் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அந்த நீர்நிலையை வற்றவைத்துத்தான், 1923இலிருந்து சில ஆண்டுகளில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு என்று பெயர்களில் மட்டும் ஏரி மிச்சம் இருக்கிறது. அப்போது மேலிருந்து அளந்திருந்தால் ஏரியின் ஆல்பிடோ 0.06 அளவில் இருந்திருக்கும். உலக நகரங்களின் கட்டடப் பகுதிகளுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஆல்பிடோ 0.15க்குப் பக்கத்தில். அப்படியானால் அந்த நிலம் நூறு ஆண்டுகளுக்கு முன்பைவிட இன்று அதிக வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் அன்றைக்கு அங்கே குளிர்ச்சி, இன்றைக்கு அனல். ஏரி இருண்டு கிடந்தாலும், தான் குடித்த வெயிலை நீராவியாக மாற்றிக்கொண்டிருந்தது. இன்றைய நகர் கொஞ்சம் வெளுத்திருந்தும் அதைச் செய்ய முடியவில்லை. ஆல்பிடோ வரைபடத்தை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், ஏரியை மூடியது ஊருக்கு நல்லது என்று கூட அவர் முடிவு கட்டிவிடலாம்.

அதனால் ஆல்பிடோவைத் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்தில் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகம் இருந்தால் அங்கே இலை இருக்கிறது. பனகல் பூங்கா எட்டு ஏக்கர். லேண்ட்சாட் கணக்கில் 36 பிக்சல். அகச்சிவப்புப் படத்தில், சுற்றிலும் மங்கிய கட்டடக் கட்டங்களுக்கு நடுவே அந்த 36 கட்டங்களும் பளிச்சென்று எரியும். பிரம்மஞான சபையின் 260 ஏக்கர் அடையாற்றின் தென்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களில் பரந்து கிடக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஊரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நின்றவையும் இலை உதிர்ந்து மொட்டையாயின. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், அடையாறு, கிண்டிப் பகுதிகளில் அகச்சிவப்பின் பிரகாசம் சட்டென்று மங்கியிருப்பதைக் காணலாம். தெருவில் நின்றவர்கள் விழுந்த மரத்தைத்தான் கண்டார்கள். மேலிருந்து பார்த்த கருவிக்கு ஓர் ஊரின் இலை மொத்தமும் குறைந்தது தெரிந்தது.

கபாலீசுவரர் கோயில் குளம் சுமார் 190 மீட்டர் நீளம், 143 மீட்டர் அகலம். லேண்ட்சாட்டில் முப்பது பிக்சல். நடுவில் உள்ள நீராழி மண்டபம் ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. குளத்தின் நான்கு ஓரத்திலும் உள்ள கட்டங்களில் பாதி நீர், பாதி கருங்கல் படி என்று கலந்துவிடும். உண்மையான நீரின் எண் வேண்டுமென்றால் ஓரக் கட்டங்களை விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றைத்தான் எடுக்க வேண்டும். குளம் நிறைந்திருக்கும் ஆண்டில் இந்தக் கட்டங்கள் ஏறக்குறையக் கறுப்பு. வற்றிய ஆண்டில் காய்ந்த மண் தெரிந்து வெளுத்துவிடும். ஆகவே கோடைக்குக் கோடை இதே முப்பது கட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே எந்த ஆண்டு நீர் நின்றது, எந்த ஆண்டு நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

நீர் பட்டால் பரப்பு இருண்டுவிடுவதை எலியட்ஸ் கடற்கரையில் கண்ணாலேயே பார்க்கலாம். அலை நனைத்துவிட்டுப் போன மணல் பட்டை கருத்திருக்கும். அதற்கு இரண்டடி மேலே, அதே மணல் காய்ந்து வெளுத்திருக்கும். மணலின் நிறம் மாறவில்லை. மணல் துகளைச் சுற்றிக் காற்று இருக்கும்போது ஒளி அதில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும். கணிசமான பங்கு மேலே வரும். துகளைச் சுற்றி நீர் இருந்தால் ஒளி அவ்வளவாகத் திசைமாறாது, முன்னோக்கியே போய் மணலுக்குள் ஆழமாக இறங்கிவிடும். போனது திரும்புவதில்லை. மழை பெய்த மறுநாள் ஊரின் ரோடும் மாடியும் கருத்துத் தெரிவதற்கும் இதுதான் காரணம். மழைக்கு அடுத்த நாள் படத்தை வைத்து ஊரின் ஆல்பிடோவைச் சொன்னால், ஊரைவிட மழையைத்தான் அளந்திருப்போம்.

தெருக்களின் விஷயம் இன்னும் சிக்கல். ரங்கநாதன் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் உயரமான கடைகள், நடுவில் குறுகிய வழி, மேலே ஆங்காங்கே தார்ப்பாய். உள்ளே நுழைந்த ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போகும், அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து மறுபடி சுவருக்கு. ஒவ்வொரு மோதலிலும் ஒரு பங்கு உறிஞ்சப்படும். வெளியே வருவதற்குள் கொஞ்சமே மிஞ்சும். சுவருக்கு எவ்வளவு வெளிர் நிறம் அடித்தாலும், நெருக்கமான தெருக்கள் மேலிருந்து இருட்டாகவே தெரியும். இதோடு நிழலும் சேர்கிறது. மார்ச் மாதப் பத்தரை மணிக்குச் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 60 டிகிரி உயரத்தில் இருக்கும். 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 7 மீட்டர். டிசம்பரில் அதே நேரத்தில் சூரியன் 47 டிகிரிதான். நிழல் 11 மீட்டராக நீண்டுவிடும். முப்பதடி ரோடு என்பது 9 மீட்டர். தெரு ஓடும் திசையைப் பொறுத்து, டிசம்பரில் அது முழுவதும் நிழலுக்குள் போய்விடலாம். ரோட்டில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் எண் குறைந்திருக்கும். அதனால் ஒரே பருவத்தில், ஒரே தேதிக்கு அருகில் எடுத்த படங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பளபளப்பான தகர ஷீட் புதிதாக இருக்கும்போது வெயிலில் பாதிக்கு மேல் திருப்பிவிடும். ஆல்பிடோ படத்தில் நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆனால் உலோகம், ஏறிய சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றுவதில் மோசம். உள்ளே வந்த கொஞ்சத்தையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். லேண்ட்சாட்டின் வெப்பக் கருவி தரையின் சூட்டைத் தனியாக அளப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து இப்படிப்பட்ட கூரைகளை அடையாளம் காணலாம். அந்தக் கருவியின் உண்மையான கட்டம் 100 மீட்டர் என்பதால், சிறு கொட்டகைகள் அதில் தப்பிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். கோடை உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 900 வாட் வெயில் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். அதன் ஆல்பிடோவை 0.15லிருந்து 0.60க்கு உயர்த்தினால், அந்த நேரத்தில் சுமார் 38 கிலோவாட் வெப்பம் கூரையில் ஏறாமல் திரும்பிப் போகும். ஒன்றரை டன் ஏசி ஒன்று வெளியேற்றும் வெப்பம் 5.3 கிலோவாட். அதாவது ஏழு ஏசி வெளியேற்றும் அளவு. கூரையில் ஏறும் சூடு முழுவதும் வீட்டுக்குள் இறங்குவதில்லை. காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் ஒரு டின் வெள்ளைப் பூச்சு செய்யும் வேலையாக இது பிரமிக்க வைப்பது. அகமதாபாத் 2013இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாக நகர அளவிலான வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்து, பிறகு வெள்ளைக் கூரைகளையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

வெள்ளை அடிக்கலாம் என்றால் எங்கே அடிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: மாடிக்கு அடிக்கலாம், ரோட்டுக்கு வேண்டாம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ரோடுகளுக்கு வெளிர்ப் பூச்சு அடித்து, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அளந்து பார்த்தது. ரோட்டின் மேற்பரப்பு மத்தியானத்தில் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது. ஆனால் அதன் மேல் நடப்பவர் உடலில் படும் வெப்பம் சுமார் 3 டிகிரி கூடியது. ரோடு திருப்பிய வெயில் நேராக அவர்மேல் பட்டதுதான் காரணம். உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் பை தூக்கி நடக்கிற கூட்டத்துக்குக் கீழிருந்தும் ஒரு வெயில் தேவையில்லை. அங்கே வேண்டியது மரநிழல். மொட்டை மாடியில் பட்டுத் திரும்பும் ஒளியோ, அக்கம்பக்கத்தில் அதைவிட உயரமான கட்டடம் இல்லாவிட்டால், யார் மேலும் படாமல் வானத்துக்குப் போய்விடும். தெருவை மரத்துக்கும் மாடியை வெள்ளைக்கும் விட்டால், மேலே சொன்ன அந்த எண்பது சதவீதச் சிக்கலும் தீரும்: மாடியில் வெயில் உள்ளே இறங்குவதே குறையும், தெருவில் இறங்கினாலும் ஆவியோடு போகும்.

ஒரே ஒரு வீட்டுக்காரர் செய்து என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் பிக்சலிடம் பதில் இருக்கிறது. 1,200 சதுர அடி மாடி ஒன்று முழுவதும் ஒரே லேண்ட்சாட் பிக்சலுக்குள் விழுந்தால், அந்தப் பிக்சலில் எட்டில் ஒரு பங்கு. அந்த மாடியின் ஆல்பிடோ 0.45 கூடினால் பிக்சலின் எண் 0.056 கூடும். 0.20 இருந்த இடத்தில் 0.25க்கு மேல் காட்டும். கருவிக்கும் காற்றுக் கணக்குக்கும் உள்ள இயல்பான தடுமாற்றத்தைத் தாண்டிக் கண்டுகொள்ளக்கூடிய மாற்றம் இது. எழுநூறு கிலோமீட்டர் மேலே இருக்கும் கருவிக்கு மயிலாப்பூரில் ஒரு குடும்பம் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தது தெரியும்.

காலத்தைப் பொறுத்தவரை நம் வழக்கம் சரியாகவே பொருந்துகிறது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது நமக்குப் பழக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மாடியில் பாசி கருத்துக் கிடக்கும் நேரம் அது. சுவரோடு நிறுத்தாமல் மொட்டை மாடிக்கும் ஏறலாம். முதலில் இரும்பு பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பாசிக்கு மேல் அடித்தால் உரிந்துவிடும். தளம் நன்றாகக் காய வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை கலந்து, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்றாக இரண்டு கோட் அடிக்கலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள் வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம், அல்லது உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைக் கொண்டு சைனா மொசைக் போடலாம். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்தும் கருத்தும் போகும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். பிறகு மார்ச்சில், மழையில்லாத ஒரு வாரத்தில், மேகமில்லாத ஒரு படத்தை இறக்கி, போன மார்ச் படத்தை அதிலிருந்து கட்டம் கட்டமாகக் கழித்துப் பார்க்கலாம். ஒரு தெருவில் நாலைந்து மாடி வெளுத்திருந்தால் அந்தத் தெரு மட்டும் தனியாகத் தெரியும்.